மனசு சரியில்லை, குதிரை வளர்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குதிரை வளர்க்கிறேன் என்று தெரிந்ததும் ஆட்கள் முதலில் கேட்பது விலை. அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, தூக்கம் வரமாட்டேங்குது, எதிலும் பிடிப்பு இல்லை, குதிரை வளர்த்தா நல்லதுன்னு கேள்விப்பட்டேன் என்று ஆரம்பிப்பார்கள். போனில் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. எங்கள் ஈரோடு மாவட்டத்தில், அந்தியூர்ப் பக்கம், குதிரையோடு இருக்கிற ஒருத்தன், இந்த விஷயத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தவன், அவ்வளவுதான்.

குதிரை வளர்த்தா மன அழுத்தம் போயிடும்னு சொல்றாங்களே, நிசமாங்க?

"போயிடும்" என்பது பெரிய வார்த்தை. பலருக்கு லேசாகிறது, அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் லேசாக்குவது குதிரை நம் பட்டியில் நிற்பது அல்ல, அதற்கு நாம் செய்கிற வேலை. மனசு சோர்ந்து கிடக்கிறவனுக்குத் தனக்காக எழுந்திருக்க முடியாது, பல் விளக்கக்கூடத் தோன்றாது. ஆனால் விடிந்ததும் லாயத்தில் ஒரு உயிர் தண்ணீர்த் தொட்டியை முட்டிக்கொண்டு நிற்கும்போது எழுந்துதான் ஆகவேண்டும், அதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

எழுந்துவிட்டால் மீதி தானாக நடக்கும். ஒரு பெரிய குதிரை ஒரு நாளைக்குப் பதினைந்திலிருந்து இருபது கிலோ சாணம் போடும், அதை அள்ளிக் கொட்டவேண்டும். தண்ணீர் தூக்கவேண்டும், புல் அறுக்கவேண்டும். காலை வெயில் படும், உடம்பு வேர்க்கும், பசிக்கும், ராத்திரி தூக்கம் வரும். டாக்டர்கள் சொல்கிற "ஒழுங்கான நேரத்துக்கு எழுந்திருங்க, வெளியே போங்க, உடற்பயிற்சி பண்ணுங்க" எல்லாம் இதில் அடங்கிவிடுகிறது. சொன்னால் செய்யமாட்டோம், குதிரைக்காகச் செய்துவிடுகிறோம்.

நாய் வளர்த்தாலே போதாதா? குதிரையில அப்படி என்ன விசேஷம்?

நாய் போதுமென்றால் தாராளமாக நாய் வளருங்கள், செலவு மிச்சம். வித்தியாசம் எங்கே என்றால், நாய் நீங்கள் எந்த நிலையில் வந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு வரும். குதிரை வராது. அது வேட்டையாடப்படுகிற இனத்தில் வந்த பிராணி, சுற்றி என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டேயிருப்பதுதான் அதன் பிழைப்பு. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட 350 பாகை தெரியும், நேர் பின்னாலும் மூக்குக்கு முன்னால் கொஞ்ச இடமும்தான் மறைவு. உங்கள் மூச்சு, தோள், நடை எல்லாவற்றையும் பார்த்து இவன் கிட்டே வரலாமா என்று முடிவு செய்யும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2016-ல் ஒரு ஆய்வு வந்தது. கோபமான மனித முகத்தின் படத்தைக் காட்டியபோது குதிரைகள் பெரும்பாலும் இடது கண்ணால் பார்த்தன, இதயத்துடிப்பும் சீக்கிரமாக ஏறியது. படத்துக்கே அப்படியென்றால் நேரில் எப்படி இருக்கும் பாருங்கள்.

ஆகவே படபடப்போடு போனால் அது தலையைத் தூக்கிக்கொண்டு ரெண்டு அடி விலகும். கிட்டே வரவைக்க வேண்டுமென்றால் நீங்கள்தான் மூச்சை இறக்கவேண்டும், தோளைத் தளர்த்தவேண்டும். பொய்யாகச் சிரித்து ஏமாற்ற முடியாது. முந்நூறு நானூறு கிலோ எடையுள்ள ஒன்று, இழுத்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாத ஒன்று, நாம் அமைதியானதும் தலையைத் தாழ்த்திப் பக்கத்தில் வந்து நிற்கிறது பாருங்கள், அது வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஏறி ஓட்டினாத்தான் பலனா? எனக்கு ஏற பயம்

ஏறவே வேண்டாம். முதல் பதிலில் சொன்ன பலன் எல்லாம் தரையில் நின்று கிடைப்பதுதான். என்னைக் கேட்டால் சவாரியைவிடத் தேய்ப்பு ஒருபடி மேல்.

இடது பக்கம் கழுத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும். ரப்பர் சீப்பை வட்டமாகச் சுற்றித் தேய்த்தால் உதிர்ந்த முடியும் மண்ணும் மேலே வரும், பிறகு நார் பிரஷ்ஷால் முடி போகிற திசையிலேயே தட்டிவிட வேண்டும். முதுகு, புட்டம், அப்புறம் வயிறு. வயிற்றில் சில குதிரைகளுக்குக் கூச்சம், காதை மடக்கினால் அழுத்தத்தைக் குறைக்கவேண்டும். பின்பக்கம் போகும்போது கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே, ஒட்டி நடக்கவேண்டும், மறைவிடத்தில் திடீரென்று முளைத்தால் உதைதான். கடைசியில் குளம்பு. கையைத் தோளிலிருந்து கீழே வருடிக்கொண்டே போனால் பழகிய குதிரை தானே காலைத் தூக்கும், குதிகாலிலிருந்து நுனியைப் பார்த்துக் கல்லையும் சாணத்தையும் நோண்டி எடுக்கவேண்டும். இதற்கெல்லாம் முக்கால் மணி நேரம் போய்விடும், அந்த முக்கால் மணியில் கடன் ஞாபகம் வராது, வந்தால் கால் மிதிபடும். பாதி வழியில் குதிரையின் கீழுதடு தொங்கும், கண் சொருகும், ஒரு பின்னங்காலை மடக்கி ஓய்வாக நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே பதட்டமாக இருப்பது கஷ்டம், முயற்சி செய்து பாருங்கள்.

இதுக்கு ஆராய்ச்சி ஏதாவது இருக்கா, இல்ல வாட்ஸப் கதையா?

இருக்கிறது, ஆனால் வாட்ஸப்பில் வருகிற அளவுக்கு இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டல் என்ற பெண்மணியிடமிருந்து தொடங்கலாம். 1944-ல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்துவிட்டது. குதிரையில் ஏற்றிவிட ஆள் வேண்டும், அந்த நிலையில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் போட்டியில் (சவாரி செய்பவரின் சைகைக்கு ஏற்ப குதிரை அடியெடுத்து வைக்கும் போட்டி) வெள்ளி வாங்கினார், 1956-லும் இன்னொன்று. அவரைப் பார்த்துத்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குதிரைச் சவாரியைச் சிகிச்சையோடு சேர்க்கும் அமைப்புகள் வேகமாக வளர்ந்தன. உடம்பு சம்பந்தப்பட்ட காரணமும் தெளிவு: குதிரை நடக்கும்போது மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு, நாம் நடக்கும்போது அசைவது போலவே முன்பின், மேல்கீழ், பக்கவாட்டு என்று அசைகிறது. நடக்க முடியாதவரின் இடுப்புக்கும் முதுகுக்கும் அது ஒரு பயிற்சி.

மனசு சம்பந்தமாக, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் போர் அதிர்ச்சியால் பாதிக்கப்பட்ட முன்னாள் ராணுவத்தினரை எட்டு வாரம் குதிரைகளோடு பழகவிட்டுப் பார்த்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். சவாரி கிடையாது, தரை வேலைதான். பலருக்கு அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன. ஆனால் குதிரை இல்லாத இன்னொரு குழுவை வைத்து ஒப்பிடவில்லை. 2014-ல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசிய ஒரு கட்டுரை, மனநோய்க்குக் குதிரைச் சிகிச்சை பலன் தருகிறது என்று சொல்ல ஆதாரம் பலவீனம் என்றே முடித்தது. நான் இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்வது: துணைக்கு நல்லது, தனி மருந்தாக எடுத்துக்கொள்ள முடியாது.

குதிரையோட இதயத்துக்குப் பெரிய காந்தப்புலம் இருக்காம், பக்கத்துல நின்னாலே நம்ம இதயம் சரியாயிடுமாம். வீடியோ பார்த்தேன்

நானும் பார்த்தேன், மாதத்துக்கு ஒருத்தர் அனுப்புகிறார். குதிரையின் இதயம் பெரிசு, நாலு கிலோ வரும், ஓய்வில் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 44 முறை துடிக்கும், இதெல்லாம் உண்மை. துடிக்கிற எந்த இதயமும் மிகமிகச் சிறிய காந்தப்புலத்தை உண்டாக்கும் என்பதும் உண்மை, அது பூமியின் காந்தப்புலத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அது நம் இதயத்தைச் சரிசெய்கிறது என்பது கதை. பக்கத்தில் நின்றால் அமைதி வருவதற்கு மேலே சொன்ன காரணங்களே போதும்.

கறுப்புக் குதிரை லாடம் ஒண்ணு கிடைக்குமா? வாசல்ல அடிச்சா சனி போயிடுமாம்

வாரத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள். என் குதிரை செவலை. லாடமும் கிடையாது, மண் தரையில் லேசான வேலை செய்கிற குதிரைக்குக் குளம்பை ஒழுங்காகச் சீவிவிட்டால் போதும்.

என் பையனுக்கு ஆட்டிசம். குட்டிக் குதிரை ஒண்ணு வாங்கி விடலாமா?

குட்டி வேண்டவே வேண்டாம். குட்டி கடிக்கும், முட்டும், அதற்கே இன்னும் எதுவும் தெரியாது. ரெண்டும் சேர்ந்து பழகும் என்று நினைப்பது ஆசைதான். குழந்தைக்குத் தேவை வயதான, எதற்கும் அலறாத, பல பிள்ளைகளைப் பார்த்துச் சலித்துப்போன குதிரை, கூடவே இதில் பயிற்சி பெற்ற ஒரு ஆள்.

பலன் இருக்கிறதா என்றால், 2015-ல் அமெரிக்காவில் ஆறிலிருந்து பதினாறு வயது வரையுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டிசக் குழந்தைகளை வைத்து முறையாகச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு குழுவுக்குச் சவாரி, இன்னொரு குழுவுக்கு லாயத்திலேயே குதிரை இல்லாத பாடங்கள். பத்து வாரம் கழித்துச் சவாரிக் குழுவில் எரிச்சலும் துறுதுறுப்பும் அதிகம் குறைந்திருந்தன, பேச்சிலும் முன்னேற்றம். குணமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. முதலில் சிகிச்சை தரும் டாக்டரைக் கேளுங்கள். அடிக்கடி வலிப்பு வருகிற குழந்தையையும், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையையும் (சிலருக்குக் கழுத்தெலும்பு இணைப்பு தளர்வாக இருக்கும்) சோதிக்காமல் ஏற்றக்கூடாது. யாராக இருந்தாலும் ஹெல்மெட் இல்லாமல் ஏற்றுகிற இடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மாசம் எவ்வளவு செலவாகும்?

ஊருக்கு ஊர் விலை மாறும், அதனால் அளவைச் சொல்கிறேன், உங்கள் ஊர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். குதிரை தன் எடையில் ஒன்றரையிலிருந்து இரண்டு சதவீதம் உலர்தீவனக் கணக்கில் தின்னும், அதாவது 400 கிலோ குதிரைக்கு ஆறிலிருந்து எட்டு கிலோ. பச்சையாகப் போட்டால் அதைப்போல நாலைந்து மடங்கு. தண்ணீர் 25 முதல் 40 லிட்டர், வெயில் காலத்தில் இன்னும் கூட. தீவனத்தில் பெரும்பகுதி புல், சோளத்தட்டு, குதிரை மசால் (லூசர்ன் என்கிற தீவனப்பயிர்) என்று நாராக இருக்கவேண்டும். கொள்ளும் தவிடும் வேலைக்குத் தகுந்த மாதிரி, கொள்ளை ஊறவைத்து அல்லது வேகவைத்து. பாசத்தில் தானியத்தை அள்ளிக் கொட்டினால் குளம்புக்குள் அழற்சி வந்து நடக்க முடியாமல் போகும். பூஞ்சை பிடித்த வைக்கோல் போட்டால் வயிற்றுவலி, குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது.

இதோடு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஆள், குடற்புழு மருந்து, வருஷத்துக்கு ஒருதரம் பல் ராவுவது, தடுப்பூசி. டெட்டனஸ் குதிரைக்கு மிகச் சுலபமாக வரும், அதற்கும் போடுங்கள், உங்களுக்கும் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்ததும் வயிறு கலங்கினால் வாங்காதீர்கள். கடன் வாங்கி மன அழுத்தத்தைத் தீர்ப்பது நடக்கிற காரியமா?

எந்தக் குதிரை வாங்கறது? அந்தியூர்ச் சந்தையில வாங்கலாமா?

ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குக் கூடுகிற சந்தைக்கு அவசியம் வாருங்கள், மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் எல்லாம் காதுநுனிகள் உள்பக்கம் வளைந்து கிட்டத்தட்ட முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கவே கூட்டம் வரும். ஆனால் முதல் குதிரையை அங்கே அன்றைக்கே வாங்கவேண்டாம். மேளச்சத்தத்துக்கு நடுவில் ஆடுகிற குதிரை நம் தோட்டத்தில் எப்படி இருக்கும் என்று தெரியாது, சோர்ந்து நிற்பது சாதுவா, நோயா, மயக்க மருந்தா என்பதும் தெரியாது. விற்கிறவரின் பட்டிக்கு வேறொரு நாள் சொல்லாமல் போய்ப் பாருங்கள்.

தரகர் சுழி பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி எல்லாம் நம்புகிறவர் நம்பட்டும், எனக்கு நாலு காலையும் தூக்கவிடுகிறதா, முகக்கயிறு போடும்போது தலையைத் தாழ்த்துகிறதா, தண்ணீர்க் குழாய் சீறினால் என்ன செய்கிறது என்பதுதான் சுழி. எட்டிலிருந்து பதினைந்து வயதுக்குள், காயடித்த ஆண்குதிரை அல்லது சாதுவான பெட்டை. முழு ஆண்குதிரை அழகுதான், ஆனால் மனசு ஓயவேண்டும் என்று தேடுகிறவருக்கு அது வேலை வைக்கும். கால்நடை மருத்துவரைக் கூட்டிப்போய்ப் பல்லும் காலும் பாருங்கள், கிளாண்டர்ஸ் இல்லை என்ற ரத்தப் பரிசோதனைச் சான்று கேளுங்கள். அது மனிதருக்கும் தொற்றும் நோய், இதில் முகதாட்சண்யம் வேண்டாம்.

டவுன்ல ஃப்ளாட்ல இருக்கேன். எனக்கு வழியே இல்லையா?

உங்களுக்குத்தான் சுலபமான வழி. பலன் வேலையில் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், சொந்தம் கொண்டாடுவதில் இல்லை. சென்னை, கோவை மாதிரி ஊர்களில் சவாரிப் பள்ளிகள் இருக்கின்றன. போய், சவாரிக்கு மட்டும் இல்லாமல் தேய்க்க, குளம்பு சுத்தம் செய்ய, தீவனம் போடச் சொல்லிக்கொடுப்பீர்களா என்று கேளுங்கள். வாரத்துக்கு இரண்டு காலை, அதே குதிரையிடம். லாயத்தில் வேலை செய்கிற அண்ணன்மாரிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள், முதலாளிக்குத் தெரியாததெல்லாம் அவர்களுக்குத் தெரியும். குதிரைகளின் விலா எலும்பு துருத்திக்கொண்டு, முதுகில் புண்ணோடு நிற்கிற இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள், அங்கே போனால் மனசு இன்னும் கெடும்.

மனநல மாத்திரை சாப்பிடறேன். குதிரை வந்தப்புறம் நிறுத்திடலாமா?

கூடாது. குறைப்பதும் நிறுத்துவதும் எழுதிக்கொடுத்த டாக்டரின் முடிவு. தூக்கம் வரவைக்கிற மாத்திரை என்றால் காலையில் மந்தம் தெளிந்த பிறகே லாயத்துக்குள் போங்கள், சவாரி செய்யலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்கிற அளவுக்கு நினைப்பு வந்தால் குதிரையிடம் போகவேண்டாம், மனிதரிடம் பேசுங்கள். 14416, டெலிமானஸ், அரசாங்கத்தின் இலவச எண், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

நம்ம சோகத்தையெல்லாம் அது தலையில ஏத்தறது பாவம் இல்லையா? குதிரைக்கு என்ன லாபம்?

இந்தக் கேள்வியை ரொம்பக் கொஞ்சம் பேர்தான் கேட்கிறார்கள், கேட்கிறவர்களிடம் தைரியமாகக் குதிரையைக் கொடுக்கலாம். அதற்கு வேண்டியது மூன்று: நாள் முழுக்கக் கொறிக்க நார்த்தீவனம், நடமாட இடம், கூட்டாளி. குதிரை மந்தைப் பிராணி. ஒற்றையாகக் கட்டிப்போட்ட குதிரை மரத்தைக் கடித்துக் காற்றை உறிஞ்சும், நின்ற இடத்திலேயே அசைந்து ஆடும். உங்கள் தனிமையைப் போக்க அதைத் தனிமையில் வைத்தால் நியாயமே இல்லை. இன்னொரு குதிரை முடியாவிட்டால் கழுதையோ ஆடோ கூட இருக்கட்டும்.

கழுத்தைக் கட்டிக்கொண்டு அழலாமா என்று ஒரு அக்கா கேட்டார். அதைக் கட்டிப்போடாமல் இருந்து, விலகிப் போக வழியும் இருந்து, அது போகாமல் நின்றால் அழுங்கள். நகர்ந்தால் விட்டுவிடுங்கள், அதற்கும் அன்றைக்கு என்ன கஷ்டமோ. காது பின்னால் ஒட்டுகிறதா, வால் சுழல்கிறதா, மூக்குத்துளை இறுகுகிறதா என்று பார்க்கப் பழகவேண்டும். இன்னொன்று, எடை. சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 300 கிலோ குதிரையென்றால் 60 கிலோ. நம்மில் பாதிப்பேர் தரையில் நிற்க வேண்டியவர்கள்தான், நானும் சேர்த்து.

எழுந்திருக்கவே முடியாத நாள் வந்தா அதை யார் பார்க்கறது?

வாங்குவதற்கு முன்னாலேயே இதற்குப் பதில் இருக்கவேண்டும். குதிரைக்காக எழுந்துவிடுவோம் என்று முதலில் சொன்னேன், எல்லா நாளும் நடக்காது. குதிரை தெரிந்த ஒரு ஆளைப் பிடித்து, பணமோ சாணமோ கொடுத்து, கூப்பிட்டால் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். என்ன தீவனம், எந்த வேளை, எவ்வளவு, மருத்துவர் எண் எல்லாவற்றையும் எழுதி லாயத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

அந்த ஆளுக்கு வயிற்றுவலி அடையாளம் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள்: தீனி எடுக்காது, சாணம் போடாது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்னங்காலால் தரையைப் பறிக்கும், படுத்துப் புரளும். இதில் எதைப் பார்த்தாலும் தீவனத்தை எடுத்துவிட்டு உடனே மருத்துவருக்குப் போன். விடியட்டும் என்று காத்திருந்தால் குதிரை போய்விடும்.

செத்துப்போனா அதைத் தாங்க முடியுமா? அதை நினைச்சே பயமா இருக்கு

குதிரை 25, 30 வருஷம் வரை வாழும். பதினைந்து வயதில் வாங்கினால் பத்துப் பதினைந்து வருஷத்தில் அந்த நாள் வரும். வலிக்கும், வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். எங்கள் பக்கம் தோட்டத்திலேயே ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பும் உப்பும் போட்டுப் புதைப்பார்கள், கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி. அக்கம்பக்கத்தார் துக்கம் கேட்டு வருவார்கள். அப்போது மறுபடி சோர்வு மோசமானால், மாத்திரை பற்றிய கேள்வியில் சொன்னதுதான் இதற்கும்.

இப்ப நான் நல்லாயிட்டேன், வேலைக்கும் போறேன், நேரமில்ல. வித்துடலாமா?

விற்கலாம். நேரமில்லாமல் கட்டிப்போட்டு வைப்பதைவிட நல்ல கைக்குப் போவது மேல். உங்களைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும். ஆனால் அவசரப்பட்டுத் தரகரிடம் தள்ளாதீர்கள், கல்யாண ஊர்வலத்துக்கும் கடற்கரைச் சவாரிக்கும் கை மாறிக் கை மாறிப் போய்விடும். குதிரை வைத்திருந்த அனுபவம் உள்ளவரா, இன்னொரு குதிரை இருக்கிறதா, இடம் எப்படி என்று நேரில் போய்ப் பாருங்கள். விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை, ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். பழைய நோய், பயப்படுகிற விஷயங்கள், உதைக்கிற பக்கம் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இப்போது தின்கிற தீவனத்தில் பத்து நாளைக்கு ஆகிற அளவு மூட்டை கட்டிக் கூடவே அனுப்புங்கள், புதுத் தீவனத்தை அதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றச் சொல்லுங்கள், ஒரே நாளில் மாற்றினால் மேலே சொன்ன வயிற்றுவலிதான் வரும்.